கம்போசிட் நிறமாற்றத்தை எதால் அளப்பது? ஈஸிஷேட், ஸ்பெக்ட்ரோ, கேமரா, வெறுங்கண்

வெண்ணிழல்

எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலை) தீசிஸுக்காக மூன்று கம்போசிட்களை (பல் அடைக்கும் பல்நிற ரெசின்) காபியில் ஊறவைத்து நிறமாற்றத்தை ஒப்பிடுகிறேன். டிஸ்க் 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன், எல்லாமே ஏ2 ஷேடு (வீட்டா நிற வரிசையில் ஒரு பல்நிறம்). முன்னோட்டத்தில் ஒரே டிஸ்க்குகளை வீட்டா ஈஸிஷேட்டிலும் (பல் ஷேடு பார்க்கும் கையடக்கக் கருவி) கோனிகா மினோல்டா சிஎம்-700டி-யிலும் (நிறத்தை அலைநீளவாரியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ) அளந்தால் டெல்டா ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் எண்) ஒத்துப்போகவில்லை. ஒரு கருவியில் ஏற்கத்தக்க எல்லைக்குள் நிற்கும் பொருள் இன்னொன்றில் வெளியே போய்விடுகிறது. டிஎஸ்எல்ஆரில் படம் எடுத்து போட்டோஷாப்பில் பார்த்தாலே போதும் என்று கைடு சொல்கிறார். எதை வைத்துக்கொள்வது? ஏற்கத்தக்க டெல்டா ஈ எல்லைக்கு 3.3-ஐ எடுப்பதா, 2.7-ஐ எடுப்பதா? இரண்டையும் கட்டுரைகளில் பார்க்கிறேன்.

அலைநீளம்

எது சரி என்று கேட்பதற்கு முன்னால், இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று பாருங்கள் டாக்டர். இல்லை.

700டி-க்குள் ஒரு கோளம் இருக்கிறது. வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் பரவலாக விழும், உணரி 8 டிகிரி சாய்வில் பார்க்கும். ஈஸிஷேட்டோ சுமார் 5 மி.மீ. முனையைப் பரப்போடு ஒட்டிவைத்து, அதே முனை வழியாக வெளிச்சத்தை அனுப்பி, அதே முனை வழியாகத் திரும்ப வாங்கும். சுவர் பெயின்ட் போல ஒளி ஊடுருவாத பரப்பாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கம்போசிட் ஒளி ஊடுருவும் பொருள். உள்ளே போன வெளிச்சம் பக்கவாட்டில் பரவி, முனையின் எல்லைக்கு வெளியே கசிந்துவிடும். அது உணரிக்கு வந்து சேராது. இதுதான் எட்ஜ் லாஸ்.

விளைவு இரண்டு. முதலாவது, எல்* (வெளிச்ச அளவு) குறைவாக வரும், பொருள் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சிவப்புப் பக்கத்து அலைநீளங்கள் பொருளுக்குள் குறைவாக உறிஞ்சப்படுவதால் அதிக தூரம் பரவும், அதனால் அதிகம் கசிவதும் அவைதான். எனவே ஏ* (பச்சை-சிவப்பு), பி* (நீலம்-மஞ்சள்) இரண்டும் கீழே இறங்கும். ஊறவைத்த பிறகு டிஸ்க்கின் ஒளி ஊடுருவும் தன்மையே மாறினால் கசிவின் அளவும் மாறும். முன்னும் பின்னும் அதே கருவிதானே, பிழை கழிந்துவிடும் என்ற நம்பிக்கை அதனால் முழுக்கச் செல்லாது.

உங்கள் டிஸ்க் அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 700டி-யில் பெரிய வாய் (அளக்கும் துளை) போட்டால் 11 மி.மீ. வட்டத்துக்கு வெளிச்சம் விழும், நடுவில் 8 மி.மீ. அளக்கப்படும். உங்கள் டிஸ்க் 10 மி.மீ.தான். சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி. அந்த வழியாக வெளிச்சம் பின்னணியில் பட்டுத் திரும்பும், டிஸ்க்கின் விளிம்பிலிருந்தும் வெளியேறும். சிறிய வாயில் வெளிச்சம் 6 மி.மீ., அளவு 3 மி.மீ. 10 மி.மீ. டிஸ்க்குக்கு அதுதான் பொருந்தும். பெரிய வாய் வேண்டுமென்றால் டிஸ்க்கை 14, 15 மி.மீ.க்குச் செய்யுங்கள்.

ரெசின்கிண்ணம்

15 மி.மீ. செய்தால் க்யூரிங்கில் (வெளிச்சத்தால் கெட்டியாக்குவதில்) மாட்டிக்கொள்வீர்கள். லைட் முனை 8 அல்லது 10 மி.மீ.தான். நடுவில் ஒருமுறை மட்டும் அடித்தால் ஓரம் அரைகுறையாக க்யூர் ஆகும், அந்த ஓரம் கறையை வேகமாகக் குடிக்கும். 3 மி.மீ. வாயில் அளந்தால் அது கணக்கில் வராது, 8 மி.மீ.யில் அளந்தால் கொஞ்சம் வரும். அப்புறம் வாய் மாறியதால் வந்த வித்தியாசத்தைக் கருவியின் வித்தியாசம் என்று எழுதிவிடுவோம். முனையை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் முழு நேரம் கொடுங்கள். மேலும் கீழும் இரண்டு பக்கமும். லைட்டின் வெளியீட்டை ஒவ்வொரு தொகுதிக்கும் முன் ரேடியோமீட்டரில் சரிபாருங்கள்.

மைலார் ஸ்ட்ரிப் (பிளாஸ்டிக் தாள்) அழுத்திய பரப்பு பளபளவென்று இருக்கும், ஆனால் மேல் படலம் ரெசின் மிகுந்தது, எளிதில் கறை ஏறும். பாலிஷ் செய்யாமல் விட்டால் பொருளை ஒப்பிடுவதற்குப் பதிலாக அந்தப் படலத்தை ஒப்பிட்டதாகிவிடும். ஒரே வரிசையில் பாலிஷ் டிஸ்க்குகள், ஒரே ஆள், ஒரே நேரம். பாலிஷ் முடிந்ததும் தடிமனை டிஜிட்டல் மைக்ரோமீட்டரில் பாருங்கள்.

முதல் அளவை க்யூர் முடிந்த கையோடு எடுக்காதீர்கள். க்யூரிங்கைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குயினோன் மஞ்சள் நிறமுள்ளது. வெளிச்சம் பட்டதும் வெளுக்க ஆரம்பிக்கும், அதனால் பி* அடுத்த சில மணி நேரத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். காய்ச்சிவடித்த நீரில் 37 டிகிரியில், இருட்டில், 24 மணி நேரம் வைத்த பிறகு அளப்பதே அடிப்படை.

பல்லொளி

ஈஸிஷேட்டை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். வாய்க்குள் இருக்கும் ஃபில்லிங்கை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும் என்றால் 700டி-யை வாய்க்குள் நுழைக்க முடியாது. ஈஸிஷேட்டின் வேலை அதுதான். எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசிப் பிழை.

புட்டி சிலிகானில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ஜிக் (முனையை எப்போதும் அதே இடத்தில் நிறுத்தும் அச்சு) செய்து, முனையின் விட்டத்துக்குச் சரியாகத் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முனை 90 டிகிரியில் முழுசாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கினாலே எல்* இறங்கும். ஃபில்லிங் 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் சுற்றியுள்ள பல் பகுதியும் அளவுக்குள் வந்துவிடும், அந்தக் கேஸை எடுக்காதீர்கள். தொற்றுத் தடுப்பு உறை போட்டு அளப்பதாக இருந்தால் காலிப்ரேஷனும் உறையோடேதான். பல்லைக் காயவிட்டு அளந்தால் வெளுத்துத் தெரியும். ரப்பர் டேம் (பல்லை ஈரத்திலிருந்து பிரிக்கும் ரப்பர் தாள்) போடும் முன், உமிழ்நீர் ஈரத்தோடு, ஒற்றி எடுத்த உடனே அளக்க வேண்டும்.

இன்னொன்று. திரையில் அது காட்டும் டெல்டா ஈ, மிக அருகிலுள்ள வீட்டா ஷேடோடு இருக்கும் வித்தியாசம். உங்கள் முதல் அளவோடு உள்ள வித்தியாசம் அது கிடையாது. எல், ஏ, பி மூன்றையும் குறித்துக்கொண்டு கணக்கை நீங்களே போடுங்கள்.

அலைநீளம்

வாய்க்குள் அளப்பதற்கு அது சரி, மறுப்பில்லை. இங்கே கேள்வி ஆய்வகத்து டிஸ்க் பற்றியது. வீட்டா ஷேடுகளை இனம்காணச் செய்த கருவியைத் தட்டையான, சின்ன, ஒளி ஊடுருவும் டிஸ்க்கில் வைத்துவிட்டு இரண்டாம் தசம இடம் வரை முடிவு சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எட்ஜ் லாஸ் இல்லாமல் அளக்க வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டர்தான் வழி. பிஆர்-670 மாதிரி. டிஸ்க்கைத் தொடாது. 45 டிகிரியில் இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம், நேர் மேலிருந்து லென்ஸ். டிஸ்க் முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும், அளப்பது நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும், அதனால் கசிவதற்குச் சமமாகப் பக்கத்திலிருந்து வந்தும் சேரும். கண் பார்ப்பதற்கு மிக அருகில் வருவது இந்த அமைப்புதான். விலை அதிகம், இருட்டறை வேண்டும், விளக்கு நிலைப்படும் வரை காத்திருக்க வேண்டும், வெள்ளைத் தரத்தை அடிக்கடி அளக்க வேண்டும்.

வெண்ணிழல்

ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டர் கிடைக்க வழியில்லை. 700டி-யையே வைத்துக்கொள்கிறேன், சிறிய வாயில். எஸ்.சி.ஐ., எஸ்.சி.இ. இரண்டு வரிசை எண் தருகிறதே, எதை எடுக்க? பின்னணி வெள்ளையா கறுப்பா?

அலைநீளம்

எஸ்.சி.ஐ. பளபளப்பையும் சேர்த்து அளக்கும், எஸ்.சி.இ. அதைக் கழித்துவிடும். ஒரே அழுத்தலில் இரண்டும் பதிவாகும், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஊறலிலோ பிரஷ் தேய்ப்பிலோ பரப்பு சொரசொரப்பானால், சாயம் ஒரு துளிகூட ஏறாமலேயே எஸ்.சி.இ. எல்* உயரும், எஸ்.சி.ஐ. பெரிதாக அசையாது. பொருளுக்குள் நடந்த நிறமாற்றத்தைக் கேட்கிறீர்கள் என்றால் எஸ்.சி.ஐ., நோயாளி கண்ணாடியில் பார்ப்பதைக் கேட்கிறீர்கள் என்றால் எஸ்.சி.இ. எதை எடுத்தீர்கள் என்று எழுதாத கட்டுரையோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம்.

பின்னணி: 2 மி.மீ. தடிமனிலும் பின்னணி எட்டிப்பார்க்கும். வெள்ளையில் வைத்தால் வெளிச்சம் டிஸ்க்கைக் கடந்து, பின்னால் பட்டு, திரும்ப ஒருமுறை கடந்து வரும். அடிப்பக்கமும் காபியில் ஊறியிருந்தால் அந்தக் கறையையும் கடந்துதான் வர வேண்டும், பி* கூடுதலாக ஏறும். கறுப்பில் அந்தப் பங்கு காணாமல் போகும். முன்பல்லில் பின்சுவர் இல்லாத குழியைக் கறுப்பு ஓரளவு ஒத்திருக்கும். டென்டின் (பல்லின் உள் அடுக்கு) பின்னால் இருக்கும் குழிக்கு வெள்ளையோ இளஞ்சாம்பலோ நெருக்கம். இரண்டிலும் அளந்தால் ட்ரான்ஸ்லூசன்சி பாராமீட்டரும் (ஒளி ஊடுருவும் தன்மையின் அளவு) அதே வேலையில் கிடைத்துவிடும்.

டிஸ்க்குக்கும் பின்னணிக்கும் நடுவில் காற்று நிற்கக் கூடாது. ஒரு சொட்டு கிளிசரின் விட்டு ஒட்டவைத்து அளங்கள், அளந்ததும் நன்றாகக் கழுவுங்கள். ஒருநாள் கிளிசரினோடும் மறுநாள் இல்லாமலும் அளந்தால் அதுவே கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் காட்டும். டிஸ்க்கின் ஓரத்தில் பர் (பல் குடையும் முனை) கொண்டு ஒரு சிறு வெட்டு போட்டு, எப்போதும் அதே திசையில் வையுங்கள்.

ஒளிர்வையும் மறக்காதீர்கள். பல கம்போசிட்களில் பல் போல ஒளிரும் சேர்மானம் உண்டு, அது புற ஊதாவில்தான் விழிக்கும். அதே நிறுவனத்தின் 2600டி 360 நா.மீ.யிலிருந்து பார்க்கும். 700டி 400 முதல் 700 வரைதான், விளக்கிலும் புற ஊதா வெட்டப்பட்டிருக்கும். ஒரே டிஸ்க் இரண்டு கருவியில் இரண்டு எண் தர இதுவும் ஒரு காரணம்.

குறுக்குத்துருவம்

கேமரா பற்றி யாரும் பேசவில்லை. முறையாகச் செய்தால் கேமராவுக்கு ஒரு நல்ல இடம் உண்டு: கறை எங்கே ஏறியது என்று காட்டுவது அது மட்டும்தான். விளிம்பில் கோடு போல ஏறிய கறையை ஸ்பெக்ட்ரோ சராசரிக்குள் மறைத்துவிடும்.

100 மி.மீ. மேக்ரோ, மேனுவல் மோடு, ஐ.எஸ்.ஓ. 100, 1/125, எஃப்22 அளவில், ட்வின் ஃபிளாஷ். ஃபிளாஷின் மேல் ஒரு துருவ ஃபில்டர், லென்ஸில் அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. பளபளப்பு முழுக்கப் போய்விடும். கோப்பு ரா மட்டும். ஜேபெக்கில் கேமரா தானே டோன் வளைவைப் போட்டுவிடும், போன் கேமரா இன்னும் மோசம். மதிப்பு தெரிந்த சாம்பல் அட்டையை டிஸ்க்கின் அதே தளத்தில், அதே படத்தில் வையுங்கள். அட்டை 5 மி.மீ. மேலே நின்றால்கூட ஃபிளாஷுக்குக் கிட்டே போய் எல்* தவறும். அந்த அட்டையில் வெள்ளைச் சமநிலையும் எக்ஸ்போஷரும் சரிசெய்த பிறகே அளவு எடுக்க வேண்டும். கிளினிக்கில் ஈலேப் (படத்திலிருந்து பல் நிறத்தை அளக்கும்) முறை இதே அடிப்படையில் போவதுதான்.

போட்டோஷாப்பில் ஒரு பொறி இருக்கிறது. 8 பிட் லேப் (எல், ஏ, பி) கோப்பில் ஏ, பி சேனலின் எண்ணிலிருந்து 128-ஐக் கழித்தால் உண்மை மதிப்பு. ஆனால் பல கட்டுரைகளில் 240-ஆல் பெருக்கி, 255-ஆல் வகுத்து, 120-ஐக் கழிக்கும் சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டால் ஏ, பி வித்தியாசங்கள் சுமார் 6 சதவீதம் சுருங்கும். மேலும் போட்டோஷாப் லேப் டி50 என்ற தர வெளிச்சத்தை வைத்தது, உங்கள் ஸ்பெக்ட்ரோ எண்கள் டி65 என்ற வேறொரு தர வெளிச்சத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட முடியாது.

அலைநீளம்

ஒன்று சேர்க்கிறேன். குறுக்குத் துருவத்தில் பளபளப்பு போய்விடுவதால், பரப்பு மங்கியதால் நோயாளி பார்க்கும் மாற்றமும் அதோடு போய்விடும். கறைக்கு அது நல்லது, மொத்தத் தோற்றத்துக்குப் போதாது.

பல்லொளி

3.3, 2.7 கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

3.3 என்பது 1987-இல் ரூய்டர் குழுவினர் கிரவுன், பிரிட்ஜ் வெனீருக்கான ரெசின்களில் செய்த வேலையிலிருந்து வந்தது. 3.7 என்பது 1989-இல் ஜான்ஸ்டன், காவ் வாய்க்குள் செய்த ஒப்பீட்டிலிருந்து. இப்போது எடுக்க வேண்டியது 2015-இல் பாராவினா குழுவினர் பல நாட்டு மையங்களில் பார்வையாளர்களை வைத்துச் செய்ததும், 2016-இன் ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) 28642 வழிகாட்டியில் இடம்பெற்றதும். பழைய லேப் சூத்திரத்தில் பாதிப் பேர் கண்டுபிடிக்கும் வித்தியாசம் 1.2, பாதிப் பேர் ஏற்கும் வித்தியாசம் 2.7. பின்னர் வந்த சி.ஐ.இ.டி.இ. 2000 சூத்திரத்தில் 0.8, 1.8.

நடக்கும் பெரிய தவறு, 2000 சூத்திரத்தில் கணக்குப் போட்டு 3.3-ஓடு ஒப்பிடுவது. கணக்குக்கு ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் எல் 72.4, ஏ 1.2, பி 16.8. பின்னால் எல் 69.1, ஏ 2.6, பி 22.3. பழைய சூத்திரத்தில் வித்தியாசங்கள் −3.3, 1.4, 5.5. வர்க்கம் கூட்டினால் 43.10, வர்க்கமூலம் 6.57. அதே எண்களை 2000 சூத்திரத்தில் போட்டால் 4.05. காரணம், நிறச்செறிவு கூடக் கூட அந்த வித்தியாசத்தை அது சுருக்கும். இங்கே 5.68 செறிவு வித்தியாசத்தை 1.89-ஆல் வகுக்கிறது. எல் வித்தியாசத்தை 1.30-ஆல். பொருளின் செறிவுக்கு ஏற்ப இந்த வகுப்பான் மாறுவதால், ஒரு சூத்திரத்து விடையை நிலையான எண்ணால் பெருக்கி மற்றதாக்க முடியாது. 2000-ஐயே எடுங்கள், கண்ணோடு அதிகம் ஒத்துப்போவது அதுதான். மூல எல், ஏ, பி எண்களையும் பின்னிணைப்பில் கொடுங்கள். வேறொருவர் திரும்பக் கணக்குப் போட முடியும்.

ரெசின்கிண்ணம்

டெல்டா ஈ எப்போதும் கூட்டல் எண்தான், அதனால் வெறும் கை நடுக்கமும் நிறமாற்றமாகப் பதிவாகும். ஒரே டிஸ்க்கை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துப் பத்து முறை அளந்து பாருங்கள், எதுவும் மாறாமலேயே ஒரு டெல்டா ஈ வரும். அதற்குக் கீழே உள்ள எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. காய்ச்சிவடித்த நீரில் ஊறும் ஒரு குழு கட்டாயம். ஆனால் காபிக் குழுவின் டெல்டா ஈ-யிலிருந்து நீர்க் குழுவின் டெல்டா ஈ-யைக் கழிக்காதீர்கள். எல், ஏ, பி தனித்தனியாகக் கழித்துவிட்டு, மிச்சத்திலிருந்து டெல்டா ஈ போடுங்கள்.

அதேபோல், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக டெல்டா ஈ கண்டுபிடித்த பிறகுதான் சராசரி. எல்லா டிஸ்க்கின் எல், ஏ, பி-யை முதலில் சராசரி எடுத்தால், எதிரெதிர் திசையில் போன டிஸ்க்குகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வெண்ணிழல்

மிகவும் உதவியாக இருக்கிறது. காபி பற்றி: 24 மணி நேர ஊறல் ஒரு மாதத்துக்குச் சமம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஃபில்டர் காபியும் ஒரு குழுவாக வைக்கலாமா? மஞ்சள் தூளும் யோசிக்கிறேன். கண்ணால் பார்க்கும் ஒப்பீடும் சேர்க்க வேண்டுமா?

ரெசின்கிண்ணம்

அந்த 24 மணி நேரம், ஒரு கப் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று கப்புக்குக் கொஞ்சம் மேல் என்ற கணக்கு. ஒரு நாளைக்கு 48 நிமிடம், 30 நாளுக்கு 24 மணி. உமிழ்நீர் கழுவுவதும் பிரஷ் தேய்ப்பதும் அதில் இல்லை. வரிசைப்படுத்த உதவும், நாட்காட்டியாக எடுக்க வேண்டாம்.

ஃபில்டர் காபி தாராளமாக வைக்கலாம், ஆனால் பால் கலந்ததையும் டிக்காக்‌ஷனையும் தனித்தனிக் குழுவாக. பாலின் கேசின் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும், கறை குறையும். 37 டிகிரியில் பால் சீக்கிரம் திரிந்துவிடும், எனவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிக்கரி விகிதம் தெரிந்த தூளாக வாங்கி, கிராமும் மில்லியும் நிறுத்து அளந்து, ஒரே டிக்காக்‌ஷனை எல்லாப் பொருளுக்கும் பிரித்து ஊற்றுங்கள். டெக்மா (TEGDMA) என்ற மோனோமர், அதாவது ரெசினின் அடிப்படை மூலக்கூறு, அதிகமுள்ள ரெசின் நீரை அதிகம் குடிக்கும், நீரோடு சாயமும் உள்ளே போகும். உங்கள் மூன்று பொருளின் மோனோமர்களையும் அட்டவணையில் போடுங்கள், முடிவு தானாக விளங்கும்.

மஞ்சளில் கவனம். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு மதியம் அளந்தால் காலையில் இருந்த பி* இருக்காது. காரத்தில் அது செம்பழுப்பாக மாறும், எனவே கழுவும் நீரின் பி.ஹெச். பாருங்கள், சோப்பு வேண்டாம். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் படியும். டிஸ்க்கைப் படுக்கவைத்தால் மேல்பக்கம் மட்டும் பூசிக்கொள்ளும். நூலில் நிமிர்த்தித் தொங்கவிட்டு, கலக்கிக்கொண்டே இருங்கள். எடுத்ததிலிருந்து அளக்கும் வரை இருட்டில், எல்லா டிஸ்க்குக்கும் ஒரே இடைவெளி.

பல்லொளி

கண் ஒப்பீடு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தனி முடிவாக. ஐ.எஸ்.ஓ. 7491-இன் நிறநிலைப்புச் சோதனையே கண்ணை நம்பித்தான் இருக்கிறது: டிஸ்க்கின் பாதியை உலோகத் தாளால் மூடி, 37 டிகிரி நீரில், செனான் விளக்கின் கீழே 24 மணி நேரம், பிறகு மூன்று பேர் பார்த்துச் சொல்வது. பார்ப்பவர்களுக்கு முதலில் இஷிஹாரா (நிறக்குருடு) சோதனை செய்துவிடுங்கள். வீட்டா கிளாசிக்கலின் 16 ஷேடுகளும் சம இடைவெளியில் இல்லாததால், எத்தனை ஷேடு நகர்ந்தது என்ற எண்ணுக்குச் சராசரியும் டி-டெஸ்ட்டும் போடக் கூடாது, வரிசை அடிப்படையிலான சோதனைதான் சரி.

வெண்ணிழல்

கடைசியாக ஒன்று. கறை மேலே நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று 700டி-யை வைத்தே பிரிக்க முடியுமா?

ரெசின்கிண்ணம்

முடியும். ஊறல் முடிந்து அளந்த டிஸ்க்கை, முதலில் பாலிஷ் செய்த அதே வரிசையின் நுண்ணிய பாலிஷ் டிஸ்க்குகளால் மட்டும் திரும்ப மெருகேற்றி, கழுவி, ஒரு நாள் நீரில் வைத்து மறுபடி அளங்கள். முதல் அளவை நோக்கித் திரும்பி வந்த பங்கு மேல் கறை, திரும்பாத பங்கு உள்ளே இறங்கியது. அடிப்பக்கத்தையும் அதே அளவு மெருகேற்றுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பின்னணியில் அடிக்கறை எட்டிப்பார்க்கும். முன்னும் பின்னும் தடிமனை மைக்ரோமீட்டரில் எழுதிவையுங்கள். தடிமன் குறைந்தால் பின்னணி அதிகம் தெரியும்: கறுப்பில் எல்* இறங்கும், வெள்ளையில் ஏறும். இதைப் பிரிக்க நீர்க் குழு டிஸ்க்குகளுக்கும் அதே மெருகு கொடுத்து அளங்கள். அவற்றில் வரும் எல்* நகர்வு தடிமனால் வந்தது, அதைக் கழித்துவிட்டால் காபிக் குழுவில் மிஞ்சுவது கறை.